டெண்டரில் ஆண் பெண் சம கூலி உறுதிமொழி கேட்கிறார்கள்: சித்தாளுக்கும் பெரியாளுக்கும் ஒரே சம்பளமா?

திருநின்றவூர்க்காரி எழுதியது:

வணக்கம். இத்தனை நாள் இந்தக் குழுவில் மற்றவர்கள் எழுதுவதை வாசித்ததோடு சரி. இன்றுதான் முதல் தடவை எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா முப்பது வருடமாகச் சின்ன காண்ட்ராக்டர். பஞ்சாயத்து யூனியன் வேலை, பள்ளிக்கூட மதில், அங்கன்வாடி, மேல்நிலைத் தொட்டி, இந்த மாதிரி. இரண்டு வருடத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. நான் பி.காம். வீட்டில் உட்கார்ந்து பில்லும் கணக்கும் எழுதிக்கொண்டிருந்தவள், அன்றிலிருந்து சைட்டுக்குப் போகிறேன். சிமெண்ட் கலவை பார்க்கத் தெரிந்துவிட்டது. எம் புக்கில் (அளவுப் புத்தகத்தில்) ஜே.இ. (இளநிலைப் பொறியாளர்) எழுதும் அளவைத் திரும்ப அளந்து பார்க்கவும் தெரிந்துவிட்டது. டெண்டர் ஆவணம் படிப்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

இப்போது முதல் முறையாக மத்திய அரசுத் துறை ஒன்றின் வேலைக்கு டெண்டர் போடலாம் என்று இருக்கிறேன். ஆவடிப் பக்கம் ஊழியர் குடியிருப்பு. மதில் சுவர், கழிவறைப் பராமரிப்பு, இரண்டு பிளாக்குக்கு மொட்டைமாடி ஓடு மாற்றுவது. மதிப்பு 42 லட்சம், ஆறு மாத வேலை. ஆவணம் நூற்றுச் சொச்சம் பக்கம். அதில் கடைசிப் பக்கங்களில் ஓர் உறுதிமொழிப் படிவம் இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு தொழிலாளர் சட்டங்களை வரிசையாகப் போட்டு, எல்லாவற்றையும் கடைப்பிடிக்கிறேன், என் துணை ஒப்பந்தக்காரரும் கடைப்பிடிப்பார் என்று கையெழுத்துப் போட வேண்டும். அதில் ஒன்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம்.

அப்பாவிடம் காட்டினேன். "எல்லாத்துலயும் கையெழுத்துப் போடும்மா. படிச்சுப் பார்த்துட்டுப் போடணும்னா ஒருத்தனும் டெண்டர் போட முடியாது" என்றார்.

எனக்குத்தான் கை வரவில்லை. காரணம் என் சம்பள நோட்டு. கொத்தனாருக்கு 1,100, பெரியாளுக்கு 900, சித்தாளுக்கு 650. பெரியாள் எல்லாரும் ஆண், சித்தாள் எல்லாரும் பெண். அப்பா காலத்திலிருந்து இப்படித்தான். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் இதே வித்தியாசம்தான், ஐம்பது ரூபாய் முன்னே பின்னே.

போன மாதம் ஓர் அங்கன்வாடிக்கு ரூஃப் காங்கிரீட் போட்டோம். கீழே மிக்சர் மெஷின், அங்கிருந்து சாரத்தின் படிக்குப் படி ஆள் நின்று சட்டி கை மாற்ற வேண்டும். வரிசையில் 8 பேர்: 2 பெரியாள், 6 சித்தாள். மற்ற 2 பெரியாள் மெஷினில். நான் மேலே மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது படியில் ஒரு பெரியாள், ஐந்தாவதில் ஒரு சித்தாள். அவர் கொடுத்த சட்டியை அவள் வாங்கி ஆறாவதுக்குக் கொடுக்கிறாள். விளையாட்டாக எண்ண ஆரம்பித்தேன். பத்து நிமிடத்தில் 94 சட்டி அவர் கையைத் தாண்டியது. அவள் கையையும் அதே 94. ஒன்றுகூடக் கீழே விழவில்லை. ஆனால் அவர் கையில் இருக்கிற வரைக்கும் அது 900 ரூபாய்ச் சட்டி, அவள் கைக்கு வந்ததும் 650 ரூபாய்ச் சட்டி. அன்றைக்கு ராத்திரி நோட்டு எழுதும்போது இதுதான் மண்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

என் கேள்வி இதுதான். இந்த நோட்டை வைத்துக்கொண்டு அந்த உறுதிமொழியில் கையெழுத்துப் போட்டால் அது பொய்தானே? பெரியாள் சிமெண்ட் மூட்டை தூக்குகிறார், சித்தாள் தூக்குவதில்லை. அதனால் வேலை வேறு என்று சொல்லிவிட முடியுமா? ஆள் கூட்டி வருவது மேஸ்திரிதான், அவர் மொத்தமாக வாங்கிப் பிரித்துக் கொடுக்கிறார் என்றால் பொறுப்பு அவருக்கா எனக்கா? கடைசியாக ஒன்று. எல்லாருக்கும் 900 என்று வைத்து ரேட் போட்டால், பத்து பர்சன்ட் லெஸ், அதாவது துறையின் மதிப்பீட்டுக்குக் கீழே, போடுகிற ஆட்களுக்கு நடுவில் எனக்கு வேலை கிடைக்குமா?

---

செங்கை காண்ட்ராக்டர் பதில்:

தங்கச்சி, அப்பா சொன்னதுதான் சரி. கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வேலையைப் பார். அந்தப் படிவத்தை நான் இருபது தடவை கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட யாரும் வந்து சட்டி எண்ணவில்லை.

மஸ்டர் ரோலில் (ஆள் வருகை, கூலிப் பதிவேட்டில்) எல்லாருக்கும் மஸ்தூர், அதாவது கூலியாள், என்று ஒரே ரேட் எழுதிவிடு. பணத்தை மேஸ்திரியிடம் மொத்தமாகக் கொடு. அவர் யாருக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்பது அவர் பாடு. நீ எல்லாருக்கும் 900 கொடுத்தால் பெரியாள் மறுநாள் வரமாட்டான். "பொம்பளைக்கும் எனக்கும் ஒரே சம்பளமா"ன்னு நேராகக் கேட்பான். அப்புறம் 50 கிலோ மூட்டையை யார் தூக்குவது? நீயா?

---

லெஸ் மன்னன் பதில்:

சைட்டில் நின்று சட்டி எண்ணிய காண்ட்ராக்டரை இன்றைக்குத்தான் கேள்விப்படுகிறேன். நாங்கள் எல்லாம் மூட்டைதான் எண்ணுவோம், அதுவும் களவு போகாமல் இருக்க.

---

ஓய்வுபெற்ற லேபர் பதில்:

அம்மா, கையெழுத்துக்கு முன்னால் கேட்டீர்களே, அதற்கே ஒரு நன்றி. நான் தொழிலாளர் துறையில் இருந்தவன். இருபத்தாறு வருடம் இந்த மாதிரி நோட்டுகளைப் புரட்டியிருக்கிறேன். செங்கை நண்பர் சொன்ன வழி எனக்குப் புதிதல்ல, அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் ஒரு திருத்தம். உங்கள் டெண்டர் ஆவணம் பழைய அச்சு. 1976 சட்டம் இப்போது இல்லை. 2025 நவம்பர் 21 முதல் 2019ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பு அமலில் இருக்கிறது. சம ஊதியம் அதன் 3ஆம் பிரிவுக்குள் போய்விட்டது. பெயர் மாறியதால் கடமை குறையவில்லை. முன்பு ஆண், பெண் என்று இருந்தது, இப்போது எந்தப் பாலினம் என்றாலும் பொருந்தும்.

இப்போது உங்கள் மூட்டைக் கேள்வி. ஒரே வேலையா, ஒத்த வேலையா என்று பார்க்கச் சட்டம் நான்கு விஷயத்தைச் சொல்கிறது: திறமை, உழைப்பு, அனுபவம், பொறுப்பு. வேலை செய்யும் சூழலும் ஒத்திருக்க வேண்டும். இவற்றில் சின்னச் சின்ன வித்தியாசம் இருந்தாலும், நடைமுறையில் பொருட்படுத்தும்படி இல்லாவிட்டால் அது ஒரே வேலைதான். பெரியாள் நாள் முழுக்க மூட்டை தூக்குகிறவரா, அல்லது காலையில் அரை மணி நேரம் தூக்கிவிட்டு மீதி ஏழு மணி நேரம் சித்தாளோடு வரிசையில் நிற்கிறவரா? இதற்கு விடை ஆவணத்தில் இல்லை, உங்கள் சைட்டில்தான் இருக்கிறது. சட்டி எண்ணிய நீங்கள் மூட்டையையும் எண்ணிவிடுங்கள்.

பழைய சட்டத்தில் ‘படிவம் டி’ என்று ஒரு பதிவேடு உண்டு. வேலையின் வகை, அதில் எத்தனை ஆண், எத்தனை பெண், என்ன ஊதியம் என்று பத்தி பத்தியாக இருக்கும். பெரும்பாலான காண்ட்ராக்டர்கள் இப்படித்தான் நிரப்பியிருப்பார்கள்: பெரியாள், ஆண் 8, பெண் சுழி. சித்தாள், ஆண் சுழி, பெண் 12. பார்ப்பதற்குப் பாகுபாடே இல்லாத பதிவேடு! ஒரு வகைக்குள் எல்லாருக்கும் ஒரே ஊதியம்தானே. நான் அதை மூடி வைத்துவிட்டு, "சித்தாள் என்ன வேலை செய்கிறார் என்று எழுதிக் கொடுங்கள்" என்பேன். எழுதுவார்கள். பிறகு "பெரியாள் என்ன வேலை செய்கிறார்?" என்பேன். இரண்டாவது வரியிலேயே பேனா நின்றுவிடும்.

அந்தப் பெயரையே பாருங்களேன். சிறு ஆள் சித்தாள், பெரிய ஆள் பெரியாள். கூலி பேசுவதற்கு முன்பே பெயர் பேசி முடித்துவிட்டது.

மேஸ்திரிக்குப் பொறுப்பா உங்களுக்கா என்று கேட்டீர்கள். இதற்கு 1982லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டிக்கு மைதானமும் மேம்பாலமும் கட்டிய காலம். மக்கள் ஜனநாயக உரிமைகள் சங்கம் நீதிபதி பகவதிக்கு ஒரு கடிதம் எழுதியது, அதுவே வழக்காயிற்று. நாள் கூலி குறைந்தபட்சம் 9 ரூபாய் 25 காசு. ஆள் பிடித்து வந்த ஜமாதார், தலைக்கு ஒரு ரூபாய் கமிஷன் எடுத்துக்கொண்டார். பெண்கள் கைக்கு 7 ரூபாய்தான் போகிறது, மீதி ஜமாதார் பைக்குப் போகிறது என்பது குற்றச்சாட்டு. ஜமாதார் என்றால் வேறு யாருமில்லை, நம் ஊர் மேஸ்திரிதான். வேலை கொடுத்த அரசு அமைப்புகள், "தொழிலாளி காண்ட்ராக்டருடையவர், எங்களுக்கென்ன" என்றன. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. காண்ட்ராக்டர் சட்டத்தை மீறும்போது வேலையைக் கொடுத்த அரசு கை கட்டி நிற்க முடியாது, சம ஊதியம் கிடைப்பதை உறுதி செய்ய வேண்டியது அதன் கடமை என்றது. டெண்டரில் இந்த உறுதிமொழியைக் கேட்பதற்குப் பின்னால் இப்படி ஒரு கதை இருக்கிறது. துறையே தப்ப முடியாத இடத்தில் காண்ட்ராக்டர் மேஸ்திரியைக் காட்டித் தப்ப முடியுமா? மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனையில் 19பி என்று ஒரு பிரிவு இருக்கிறது. துணை ஒப்பந்தக்காரரின் ஆளையும் உங்கள் சொந்த ஆளாகத்தான் பார்க்கும். கூலி குறைந்தால் உங்கள் பில்லில் பிடித்துக் கொடுக்கப் பொறியாளருக்கு அதிகாரமும் தரும். உங்கள் துறை எதுவானாலும் இதைப் போன்ற பிரிவு இருக்கிறதா என்று அந்த நூற்றுச் சொச்சம் பக்கத்தில் தேடிப் பாருங்கள்.

இதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவே இல்லை. மத்திய அரசு வேலைக்கு மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம். கட்டட வேலையில் திறன்சாராத் தொழிலாளிக்கு, சென்னை போன்ற ‘ஏ’ பகுதியில், 2024 அக்டோபர் 1 முதல் நாளுக்கு 783 ரூபாய். அதற்குப் பின் பஞ்சப்படி மாறியிருக்கும், அன்றைய அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தப் பட்டியலில் சித்தாளும் இல்லை பெரியாளும் இல்லை, திறன்சாரா என்று ஒரே வரிதான். உங்கள் 650 சம ஊதியத்தில் விழுவதற்கு முன்பே குறைந்தபட்ச ஊதியத்தில் விழுந்துவிட்டது.

சரி, எல்லாரையும் 783க்குக் கொண்டுவந்து சமமாக்கிவிடலாமா என்று தோன்றும். கூடாது. சமப்படுத்துவதற்காக யாருடைய கூலியையும் குறைக்கக் கூடாது என்று அதே 3ஆம் பிரிவு சொல்கிறது. மேலே ஏற்றலாம், கீழே இறக்க முடியாது. "எனக்குக் கட்டுப்படியாகாது" என்பதும் செல்லாது. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் ஆட்ரி டிகோஸ்டா என்ற சுருக்கெழுத்தாளர், ஆண் சுருக்கெழுத்தாளருக்குக் கிடைத்த சம்பளத்தைக் கேட்டுப் போன வழக்கில், நிறுவனத்தின் பண நிலைமை ஒரு சாக்கு ஆகாது என்று 1987லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

கடைசியாக, செங்கை நண்பருக்கு. குறைத்துக் கொடுத்தால் முதல் தடவை 50,000 வரை அபராதம். ஐந்து வருடத்துக்குள் மறுபடி அதே தப்பு என்றால் மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். தொழிலாளி மூன்று வருடம் வரை கோரிக்கை வைக்கலாம், குறைத்துக் கொடுத்த தொகையோடு அதைப் போல் பத்து மடங்கு வரை இழப்பீடு போட அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. கொடுத்தேன் என்று நிரூபிப்பதும் முதலாளியின் வேலை. மஸ்டர் ரோலில் 900, மேஸ்திரி கொடுத்தது 650 என்றால், உங்கள் பொய்க்குச் சாட்சி உங்கள் மஸ்டர் ரோலேதான்.

---

செங்கை காண்ட்ராக்டர் பதில்:

சார், சட்டம் பேசுவது சுலபம். லெஸ் போடாமல் வேலை எடுத்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம்.

---

ஓய்வுபெற்ற லேபர் பதில்:

அந்த லெஸ் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால் போதும். மதிப்பீடு போடும்போது துறையின் விலை ஆய்வில் பெல்தார், கூலி என்ற இரண்டு உதவியாள் வகைக்கும் ஒரே தினக்கூலிதான் வைக்கிறார்கள். பெண்ணுக்குக் குறைத்து மதிப்பீடு போடுவதில்லை. 783 வைத்த இடத்தில் 650 கொடுத்தால் ஆளுக்கு 133 ரூபாய் மிச்சம். 6 சித்தாள், 130 நாள் என்று வையுங்கள், 1,03,740 ரூபாய். 42 லட்சத்தில் ஏறக்குறைய இரண்டரை சதவீதம். நீங்கள் சாமர்த்தியம் என்று நினைக்கிற லெஸ்ஸில் இது சித்தாளின் பங்கு.

---

கரண்டி மகள் பதில்:

இதுவரைக்கும் எழுதினதில் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை.

என் அம்மா 22 வருடம் சித்தாள். நான் டிப்ளமோ முடித்து இப்போது ஒரு கம்பெனியில் சைட் சூப்பர்வைசர். அம்மா வேலைக்குப் போன காலத்தில் பெரியாள் ஒன்பது மணிக்கு வருவார். சித்தாள் எட்டரைக்கே வந்து டிரம்மில் தண்ணீர் நிரப்பி, முந்தின நாள் பூச்சுக்குத் தண்ணீர் விட்டு, சட்டியைக் கழுவி வைக்க வேண்டும். சாயங்காலமும் அப்படித்தான். ஆண்கள் கை கால் கழுவிவிட்டு பீடி பற்ற வைப்பார்கள், சித்தாள் கொட்டிக் கிடக்கும் கலவையைச் சுரண்டிக்கொண்டிருப்பார். அந்த ஒரு மணி நேரத்துக்கு எந்த நோட்டிலும் பத்தி கிடையாது. மூட்டையை எண்ணும்போது இதையும் சேர்த்து எண்ணுங்கள் அக்கா.

இன்னொன்று. என் அம்மாவுக்குப் பூச்சு வேலை தெரியும். பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டார். எங்கள் வீட்டுச் சுவர் முழுக்க அம்மா பூசியதுதான், இன்னும் ஒரு வெடிப்பு இல்லை. சைட்டில் ஒரு நாளும் கரண்டியைத் தொட விடவில்லை. கூட வேலைக்குச் சேர்ந்த பெரியாள் நான்கே வருடத்தில் கொத்தனார் ஆனார், பிறகு மேஸ்திரியும் ஆனார். அம்மா 22 வருடமும் சித்தாள். சித்தாளுக்கும் பெரியாளுக்கும் 250 ரூபாய் வித்தியாசம் என்று பேசுகிறோம். அம்மாவுக்கும் அந்த மேஸ்திரிக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எந்தப் படிவத்தில் எழுதுவது?

---

செயின்ட்பால் தமிழன் பதில்:

கரண்டி மகள் கேட்டதற்காக எழுதுகிறேன். நான் இருப்பது அமெரிக்காவின் மினசோட்டா மாநிலம். எங்கள் கம்பெனி மாநில அரசுக்கு மென்பொருள் வேலை செய்கிறது. இங்கே 2014இல் ஒரு சட்டம் வந்தது. மாநில அரசோடு 5 லட்சம் டாலருக்கு மேல் ஒப்பந்தம் போடும் நிறுவனத்தில் 40 முழுநேர ஊழியரோ அதற்கு மேலோ இருந்தால், சம ஊதியச் சான்றிதழ் இல்லாமல் ஒப்பந்தம் கிடையாது. மனித உரிமைத் துறை தருகிறது, நான்கு வருடம் செல்லும். கட்டணம் முதலில் 150 டாலர், பிறகு 250 ஆக்கினார்கள்.

நிறுவனத் தலைவர் கையெழுத்துப் போட வேண்டிய வாக்குமூலத்தில் இரண்டு வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, மூன்று வாரம் அதனோடு மல்லாடினேன். ஒன்று, பெரிய வேலைப் பிரிவு ஒவ்வொன்றிலும் பெண்களின் சராசரி ஊதியம் ஆண்களின் சராசரியைவிடத் தொடர்ந்து குறைவாக இல்லை என்பது. இரண்டாவதுதான் நீங்கள் சொன்னது: ஒரு பாலினத்தாரைச் சில வேலைகளுக்குள்ளேயே அடைத்து வைக்கவில்லை, பதவி உயர்விலும் பாகுபாடு காட்டவில்லை என்பது. எங்கள் கம்பெனியில் சோதனைப் பிரிவு முழுக்கப் பெண்கள், வடிவமைப்புப் பிரிவு முழுக்க ஆண்கள். ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் சம்பளம் சமம்தான். ஓய்வுபெற்ற லேபர் ஐயா சொன்ன படிவம் டி கதையேதான், என்ன, எல்லாரும் கோட்டுப் போட்டிருந்தோம்.

இங்கேயும் விண்ணப்பம் போட்டால் 15 நாளில் சான்றிதழ் வந்துவிடுகிறது. எல்லாருடைய சம்பளக் கணக்கையும் முதலிலேயே யாரும் பார்ப்பதில்லை. தணிக்கைக்கு வந்தால் காட்ட வேண்டும், பொய் என்றால் சான்றிதழ் போகும். கையெழுத்தை நம்புகிற விஷயத்தில் இரண்டு ஊரும் ஒன்றுதான்.

---

திருநின்றவூர்க்காரி எழுதியது (மூன்று வாரம் கழித்து):

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

மூட்டை எண்ணினேன். அடுத்த காங்கிரீட் அன்றைக்கு 70 மூட்டை. லாரியிலிருந்து இறக்குவது எங்கள் ஆள் இல்லை, கடையிலிருந்து வரும் சுமைக்காரர்கள். அவர்களுக்கு மூட்டைக்கு இவ்வளவு என்று தனிக் கூலி. கொட்டகையிலிருந்து மெஷின் வரைக்கும் பதினைந்து அடி. அந்தப் பதினைந்து அடிக்குத்தான் நாங்கள் இத்தனை வருடம் 250 ரூபாய் வித்தியாசம் பேசிக்கொண்டிருந்தோம். அதையும் மெஷினில் நின்ற இரண்டு பெரியாள்தான் தூக்கினார்கள். வரிசையில் நின்ற மற்ற இரண்டு பேர் அன்று முழுக்க ஒரு மூட்டைகூடத் தொடவில்லை. அவர்களுக்கும் 900. காங்கிரீட் இல்லாத நாளில் வேலையில் வித்தியாசம் இன்னும் கம்மி. செங்கல் எடுத்துக் கொடுப்பது, மணல் சலிப்பது, ஆணும் பெண்ணும் கலந்துதான் செய்கிறார்கள்.

சித்தாள் காலையில் எத்தனை மணிக்கு வருகிறார் என்றும் பார்த்தேன். 8:25. நான் இரண்டு வருடமாக 9 மணிக்குத்தான் சைட்டுக்குப் போகிறேன், அதனால் தெரியவே இல்லை.

அப்புறம் மேஸ்திரியோடு உட்கார்ந்தேன். அவர் என் அப்பா வயது. நான் சொன்னது இவ்வளவுதான். எல்லாருக்கும் 900. மூட்டை தூக்கினால் மூட்டைக்கு 5 ரூபாய் தனி, யார் தூக்கினாலும். எட்டரைக்கு வந்தால் எல்லாரும் எட்டரைக்கு, இல்லையென்றால் எல்லாரும் ஒன்பதுக்கு. பணம் அவரவர் கணக்கில். அவர் ஒரு டீ குடித்து முடிக்கிற வரைக்கும் பேசவில்லை. பிறகு, "மத்த சைட்டுக்கு இந்த ரேட்டைச் சொல்லிடாதம்மா, என்னைச் சேர்க்க மாட்டானுங்க" என்றார். அவருக்குத் தலைக்கு 30 ரூபாய் கமிஷன் நானே தனியாகக் கொடுக்கிறேன் என்றதும்தான் முகம் கொஞ்சம் தெளிந்தது.

ஒரு பெரியாள் நின்றுவிட்டார். செங்கை அண்ணன் சொன்ன அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுத்தான் போனார். மற்ற மூன்று பேர் இருக்கிறார்கள். போன வாரம் இரண்டு சித்தாள் சேர்ந்து ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்து மூட்டையைக் கொண்டுபோனார்கள். 9 மூட்டை. நோட்டில் ஆளுக்கு இருபத்திரண்டரை ரூபாய் எழுதினேன்.

டெண்டர் விஷயம். 650க்குப் பதில் 900 என்றால் 6 பேருக்கு 130 நாளுக்கு 1,95,000 கூடுதல், 42 லட்சத்தில் 4.6 சதவீதம். அதை வைத்துக் கணக்குப் போட்டதில் என்னால் 1.5 லெஸ்ஸுக்கு மேல் போக முடியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், கை நடுங்கவில்லை. வேலை கிடைக்கவில்லை. எடுத்தவர் 13.2 லெஸ். அவரும் அதே படிவத்தில்தான் கையெழுத்துப் போட்டிருப்பார். அப்பா கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, அடுத்த டெண்டர் தேதி என்ன என்று மட்டும் கேட்டார். 18ஆம் தேதி இன்னொன்று இருக்கிறது, சின்ன வேலை.

ஒரே ஒரு சந்தேகம். இரண்டு சித்தாளுக்கு வங்கிக் கணக்கு இல்லை. கணவர் கணக்கில் போடச் சொல்கிறார்கள். அதாவது, அவர்கள் சொல்லவில்லை, கணவர்கள் வந்து சொல்கிறார்கள். போடலாமா?

---

ஓய்வுபெற்ற லேபர் பதில்:

கூடாது அம்மா. கூலி வேலை செய்தவர் கையில், அல்லது அவர் பெயரில் இருக்கிற கணக்கில். கணக்கு ஆகும் வரை ரொக்கமாகக் கொடுத்து அவர்களிடமே கையெழுத்தோ ரேகையோ வாங்கி, ஊதியச் சீட்டும் கொடுங்கள். ஆதாரும் போனும் இருந்தால் அஞ்சல் துறையின் பேமென்ட்ஸ் வங்கிக் கணக்கைத் தபால்காரரே வந்து திறந்து கொடுப்பார்.

கமிஷனைத் தனி வவுச்சரில் எழுதுங்கள், சம்பளப் பத்தியில் அது வரக் கூடாது. அந்த 8:25ஐயும் விட்டுவிடாதீர்கள்.

---

கரண்டி மகள் பதில்:

அக்கா, நின்றுபோன அந்தப் பெரியாள் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டீர்களா? அம்மாவுக்கு 54 வயதுதான் ஆகிறது. சித்தாளாக வரமாட்டார். பூச்சு வேலை என்றால் வருவார், கரண்டி அவரிடமே இருக்கிறது.

---

திருநின்றவூர்க்காரி எழுதியது:

வரச் சொல்லுங்கள். அங்கன்வாடியின் உள்பூச்சு ஒரு சுவர் பாக்கி இருக்கிறது, பார்த்துவிடலாம். கொத்தனார் ரேட்தான். திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, டீ நேரத்தில், தபால்காரரையும் வரச் சொல்லியிருக்கிறேன்.